எதிர்ஜன்னலுக்குச் சொன்ன ஓடக்காரி கதை

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதை கேட்ட என் ராஜம்க்காவுக்கு,

மங்களம் எழுதுகிறேன். எதிர்வீட்டு மங்களம்தான். ஆனால் இப்போது எதிர்வீட்டில் இல்லை. உன் வீட்டில், நீ படுத்திருந்த அதே பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது உனக்குத் தெரியுமோ என்னவோ. தெரிந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டுக்கொண்டே இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியாகிவிட்டது.

யுத்தம் முடிந்துவிட்டது அக்கா. வெள்ளைக்காரனும் போய்விட்டான். குண்டுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைச் சுரண்டி எடுத்தாயிற்று. ரேஷன் அரிசியும் அதிலிருக்கும் கல்லும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் ஓடக்காரி கதை புத்தகமாக வரப்போகிறதாம். ஓடக்காரி வருகிற கட்டங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று வாசகர்களை எழுதியனுப்பச் சொல்லிப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு ஆசிரியருக்கு எழுதத் தோன்றவில்லை. உனக்குத்தான் எழுதத் தோன்றியது. உனக்கு எழுதியதையே அவர்களுக்கு அனுப்பப் போகிறேன். போட்டால் போடட்டும்.

முன்பின் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

மாதுங்காவில் நம் கட்டடம் இரண்டு பிரிவாக நிற்கும். நடுவே ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு சந்து. இந்தப் பக்கம் மூன்றாம் மாடியில் உன் பின்னறை ஜன்னல். அதற்கு நேரே எங்கள் சமையலறை பால்கனி. உனக்கு க்ஷயம் என்று டாக்டர் சொன்ன அன்றே உன் மாமியார் உன் படுக்கையை இந்த அறைக்கு மாற்றினாள். தட்டும் தம்ளரும் தனியாயின. உன் பெண் லல்லிக்கு அப்போது நாலு வயசு. அவள் இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. ஆஸ்பத்திரியில் இடமில்லை, ஊருக்கு அனுப்பினால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று உன்னை இங்கேயே வைத்திருந்தார்கள். பூட்டு ஒன்றும் போடவில்லை. போடாமலே நீ வெளியே வரவில்லை.

நீதான் வழி கண்டுபிடித்தாய். "மங்களம், பத்திரிகை வந்துடுத்தா? எனக்குக் கண் வலிக்கறதுடி, நீ அங்கேர்ந்தே சத்தமா வாசியேன். லல்லியையும் கூட வெச்சுக்கோ, அவளும் கேக்கட்டும்" என்றாய். உனக்குக் கண் ஒன்றும் வலிக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நான் மடியில் லல்லியை வைத்துக்கொண்டு வாசித்தேன். நீ கதையைக் கேட்டாயோ இல்லையோ, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். வாரம் ஒரு தடவை வருகிற கதையைப் பிய்த்துப் பிய்த்து தினமும் மத்தியானம் வாசித்தோம்.

அது பூதங்களும் அரக்கர்களும் வருகிற கதை. அரக்க ராஜா ஒரு கரையில், இளவரசன் எதிர்க்கரையில். இடையே ஓடுகிற ஆற்றில் கறுப்புத் துணியால் முகத்தை மூடிய ஒரு ஓடக்காரி. இரண்டு பக்கத்து ஆட்களையும் ஏற்றிக்கொள்வாள். கூலியாகக் காசு வாங்க மாட்டாள். ஏறுகிறவர்கள் ஒரு நிஜம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் யார் பக்கம், எங்கிருந்து வந்தாள், துணிக்குப் பின்னால் எப்படி இருப்பாள், ஒருவருக்கும் தெரியாது. இளவரசனைப் பற்றி நம் கட்டடத்தில் யார் கவலைப்பட்டார்கள்? எல்லோருக்கும் ஓடக்காரிதான் வேண்டும்.

ஆமாம், எல்லோருக்கும். நான் சந்துக்கு அப்பால் கேட்கும்படி வாசித்ததில் மேல்மாடியும் கீழ்மாடியும் சேர்ந்து கேட்கத் தொடங்கியிருந்தன. மத்தியானம் ஆனால் பால்கனிகளில் மணை போடுகிற சத்தம் கேட்கும்.

அந்த நாளில் நான் அண்ணா வீட்டில் இருந்தேன். அப்பா இல்லை. கல்யாணத்துக்குப் பணமும் இல்லை. டைப்ரைட்டிங் கற்றுக்கொள்கிறேன் என்று அண்ணாவைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். "விடாதேடி, கேட்டுண்டே இரு. நீ ஹாண்ட்பேகை மாட்டிண்டு ஆபீசுக்குப் போறதை நான் இந்த ஜன்னல்லேர்ந்து பாக்கணும்" என்பாய். ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் காகிதத் தட்டுப்பாடு வந்தது. பத்திரிகை மெலிந்து, தொடர்கதையை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி போட்டார்கள். அடுத்த நாளே உன் மாமியார் உன் ஜன்னலுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கதைதான் நின்னு போச்சே. குழந்தை எதுக்கு அங்க நிக்கணும்? இவ இருமறது காத்துல வரது. நாளைலேர்ந்து அனுப்ப மாட்டேன்."

கம்பியைப் பிடித்திருந்த உன் விரல்கள் வெளுத்ததை நான் பார்த்தேன். மேல்மாடியிலிருந்து கோமதி மாமியின் குரல் வந்தது.

"யாரு சொன்னா கதை நின்னுடுத்துன்னு? இன்னிக்கு நான் சொல்றேன். குழந்தையை விடுங்கோ."

"உங்களுக்கு என்ன கதை தெரியும்?"

"எனக்குப் பிடிச்ச கட்டத்தைச் சொல்றேன். கேட்டதையே மறுபடி கேட்டா காது தேஞ்சா போகும்?"

அப்படித்தான் தொடங்கியது. மாமிக்குப் பிடித்தது, சேனாபதி ஓடத்தில் ஏறிப் பொய் சொல்கிற இடம். நடு ஆற்றில் ஓடக்காரி துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுவாளே, அது. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கலை பாரு. அவனுக்குத்தான் வேர்த்துக் கொட்டறது. நானும் ஒரு நாள் தோசைத் திருப்பியை வெச்சுட்டு அப்படி உக்காந்தேன். உங்க மாமா சீட்டாடித் தோத்ததைத் தானே சொல்லிட்டார்!" கீழே வாசலில் நின்றிருந்த மாமா காதில் விழும்படி சொன்னாள். நீ சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

மறுநாள் ரயில்வே குமாஸ்தா சுந்தரம் மாமா லீவு போட்டுவிட்டுச் சொன்னார். அரக்க ராஜாவின் தூதனும் இளவரசனும் தெரியாத்தனமாக ஒரே ஓடத்தில் ஏறிவிட, இரண்டு பேரும் கத்தியில் கை வைக்கிற சமயத்தில் ஓடக்காரி "ஆடினால் கவிழும்" என்று மட்டும் சொல்வாள். "ரெண்டே வார்த்தை! எங்க பெரிய துரை பக்கம் பக்கமா எழுதறான், ஒருத்தனும் கேக்கறதில்லை" என்றார். அந்த இடத்தில் அவள் இளவரசன் பக்கம்தான் என்று அவர் சொல்ல, இல்லவே இல்லை என்று மாமி மேலேயிருந்து சொல்ல, இரண்டு நாள் அந்தச் சண்டையே ஓடியது. லல்லி இரண்டு நாளும் என் மடியில் இருந்தாள்.

பாத்திரம் தேய்க்க வருகிற சகுபாய்க்குத் தமிழ் தெரியாது. வாரா வாரம் என்னிடம் ஹிந்தியில் கேட்டுக்கொள்வாள். அவளும் கையில் சாம்பலோடு வந்து நின்று தன் கட்டத்தைச் சொன்னாள். ஓடக்காரி ஆட்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்துணிக்கு அடியில் கையை விட்டுப் பழைய சோறு தின்னுவாளே, அதுதான். "உஸ்கோ பீ பூக் லக்தீ ஹை, பாய்" என்றாள். அவளுக்கும் பசிக்குமே என்று. அது வரைக்கும் அந்தக் கட்டத்தை எங்களில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் எங்கள் பால்கனிக்கு வந்தார். உன் அறை வாசலில் நின்று "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நகர்கிற மனுஷர். சந்து வழியாகச் சுற்றி, மூன்று மாடி ஏறி, உனக்கு எதிரே வந்து நின்றார். அவருடைய அம்மா உன் பின்னாலிருந்து, "வைத்தி, அங்க என்ன பண்றே?" என்று கேட்டாள். அவர் லல்லியின் தலையைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு அந்த மழை வாரம் பிடிச்சுது. ஏறறதுக்கு ஆளே இல்லை. அவ பேசாம கரையில இருந்திருக்கலாம். ஆனா வெறும் ஓடத்தை நடு ஆறு வரைக்கும் தள்ளிண்டு போயிட்டுத் திரும்பறா. அந்தக் கரையிலேர்ந்து யாராவது கூப்பிட்டா மழைச் சத்தத்துல கேக்காமப் போயிடுமோன்னு."

அன்று கட்டடத்தில் யாரும் வாதாடவில்லை. நீ தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டாச்சா?" என்று கேட்டாய். "ஆச்சு" என்றார். அவ்வளவுதான் உங்கள் பேச்சு. அதற்கப்புறம் லல்லியை அனுப்ப மாட்டேன் என்று உன் மாமியாரும் சொல்லவில்லை.

உனக்குப் பிடித்த கட்டத்தைக் கடைசியாகத்தான் கேட்டோம். அப்போது உன்னால் சத்தம் போட்டுப் பேச முடியவில்லை. காதைத் தொட்டுக் காட்டினாய். எனக்குப் புரிந்துவிட்டது. ஓடத்தில் வந்த சின்னப் பெண் "உன் பேர் என்ன?" என்று கேட்க, ஓடக்காரி குனிந்து அவள் காதில் மட்டும் சொல்வாள். என்ன பேர் என்று கதையில் வராது. அந்தக் கட்டத்தை நான் உரக்கச் சொன்னேன். நீ லல்லியைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். அந்த வாரம், பால்காரன் வந்துபோன சற்று நேரத்துக்கெல்லாம் நீ போய்விட்டாய்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

வருஷம் திரும்பியதும் உன் மாமியார் வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் அண்ணாவோடு பேச்சு. மன்னி சமையலறைக்கு வந்து, "உனக்கு நல்ல காலம் பொறந்துடுத்துடி" என்றாள்.

"என்ன மன்னி?"

"எதிர்த்தாத்துலதான். ஒண்ணும் கேக்கலை. வரதட்சிணையும் வேண்டாமாம். குழந்தை உங்கிட்டத்தானே ஒட்டிண்டிருக்கு."

அந்தக் குழந்தை அப்போது என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் அவளையே வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது. அண்ணா வந்து ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் வந்து முகூர்த்தத் தேதியைச் சொன்னார்.

உன் வீட்டுக்காரர் நல்லவர், அக்கா. குரலை உயர்த்தியதில்லை. ஆனால் அவரும் என்னைக் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்களா என்று மற்றவர்களையும் அவர் கேட்கவில்லை. நல்லவர் வீடு என்பதால் சுவர் நகர்ந்து கொடுக்கிறதா? டைப்ரைட்டிங் பேச்சை எடுத்தபோது, "அம்மா என்ன சொல்லுவாளோ" என்றார். அதோடு சரி. மத்தியானம் வேலை ஒழிந்ததும் இந்தக் கம்பிக்குப் பின்னால் வந்து உட்கார்கிறேன். அண்ணா வீடு மாறிப் போய்விட்டார். எதிரே நான் நின்ற பால்கனியில் வேறு யாரோ குடித்தனக்காரர்கள் துணி உலர்த்துகிறார்கள். நீ அவ்வளவு நாள் எப்படி இருந்தாய்?

கதை திரும்பவும் வந்தது, அதைச் சொல்ல மறந்துவிட்டேனே. ஓடக்காரி அரக்க ராஜா சிறைபிடித்த ஒரு ராஜகுமாரியாம். பெயர் ரத்னமாலாவாம். துணியை எடுத்தால் பதினாறு வயசு அழகியாம். இளவரசன் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான், கதை சுபம். கோமதி மாமி பத்திரிகையைச் சந்தில் வீசினாள். "அவளைக் கேட்டானா அந்தக் கடன்காரன்? ஆத்தை விட்டுட்டு அரமனைக்கு வரயான்னு ஒரு வார்த்தை கேட்டானா?" என்று கத்தினாள். நான் உள்ளே ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன்.

லல்லிக்கு இப்போது எட்டு முடிந்துவிட்டது. தெருவில் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், என்னோடு தமிழ். என்னையே பெற்றவள் என்று சொல்லி உன் மாமியார் அவளை வளர்த்தாள். உன் படத்தைக் கூட மாட்டவில்லை. நாலு வயசு ஞாபகம் எங்கே நிற்கும்? போன வாரம் கூடப் படிக்கிற ஒருத்தி, "உன் நிஜ அம்மா செத்துப் போயிட்டாளாமே" என்று சொல்லிவிட்டாள். லல்லி பையை எறிந்துவிட்டு நேரே இந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பாட்டி அதட்டினாள், கெஞ்சினாள். திறக்கவில்லை. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன்.

"நீ என் அம்மா இல்லியா?" உள்ளேயிருந்து கேட்டாள்.

"உன்னைப் பெத்தவ இல்லை. வளக்கறவ."

"பெத்தவ எங்க?"

"உடம்பு சரியில்லாமப் போயிட்டா. நீ இப்ப இருக்கற அறையிலதான் இருந்தா. தினமும் அந்த ஜன்னல் வழியா உன்னைப் பாப்பா."

"குழந்தைகிட்ட என்ன பேச்சு இது!" என்றாள் உன் மாமியார். "நீங்க கொஞ்சம் கூடத்துல இருங்கோ அம்மா" என்றேன். இந்த வீட்டில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் போய்விட்டாள்.

"நீ ஏன் வந்தே? அவ வரச் சொன்னாளா?"

"இல்லைடி. யாரும் என்னைக் கேக்கலை. கல்யாணம்னு சொன்னா, வந்தேன்."

"கேட்டிருந்தா வந்திருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியலை லல்லி" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. கண் சிவந்து நின்றாள். "உன்னை இனிமே என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டாள். "உனக்கு எப்படி வரதோ அப்படி" என்றேன். அன்றிலிருந்து "இங்க வா", "இதைப் பாரு" என்றே ஓட்டுகிறாள். நானும் அவசரப்படுத்தவில்லை. அன்று சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்து, பெட்டியின் அடியிலிருந்த உன் படத்தைத் தானே எடுத்து மாட்டினார். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டு லல்லிதான் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

உன் மாமியார் இப்போதே பாலக்காட்டில் ஒரு பையனைச் சொல்லி வைத்திருக்கிறாள், நாலைந்து வருஷத்தில் முடித்துவிடலாம் என்று. அதைப் பற்றி உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் ராஜம்க்கா. ஊரறியப் பத்திரிகையில் எழுதிக் கொடுக்கிறேன். எனக்கு இந்தக் கதவு திறக்குமோ திறக்காதோ, அது வேறு. ஆனால் உன் பெண் வாயைத் திறந்து சரி என்று சொல்லாமல் அவளுக்கென்று ஒரு வெற்றிலைத் தட்டு இந்த வீட்டு வாசற்படி தாண்டாது. அவளிடம் கேட்பேன். பதில் சொல்ல எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் காத்திருப்பேன்.

லல்லி என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறாளோ, அதுவாக இருக்கச் சம்மதித்துவிட்ட,
உன் தங்கை
மங்களம்