தண்ணீர் குடிக்காதே என்று சொன்னவள்

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடைக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். பெரியவர்களுக்கான டயாப்பர் பாக்கெட்டுகளை மேல் தட்டு வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறான். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிழவனும் கிழவியும் ஈயென்று இளிக்கிறார்கள். நரைமுடி பளபளக்கிறது, பல் முப்பத்திரண்டும் வரிசையாக இருக்கிறது. இடுப்பில் அதைக் கட்டிக்கொண்டு எவளாவது இப்படிச் சிரித்து நீ பார்த்திருக்கிறாயா? நீ அழுததைத்தான் நான் பார்த்தேன். மாத்திரையை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். உனக்கு இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சிப்காட்டில் அந்தப் பாட்டில் கம்பெனியில் நாம் பதினெட்டு வருஷம் ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் ஒரு சிவப்பு டோக்கன் தொங்கும். பாத்ரூம் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். லைனுக்கே ஒன்றுதான். ஷிப்டுக்கு ஒருத்திக்கு இரண்டு தடவை. மூன்றாவது தடவை போய் நின்றால், "இன்னாம்மா, மோட்டாரை ஆஃப் பண்ணாம வந்துட்டியா?" என்று ஆம்பிளைகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்துவான் அந்தப் பரதேசி. அவனிடம் போய்ப் பல்லைக் காட்டுவதற்குப் பதில் தண்ணீரையே குடிக்காமல் இருந்துவிடலாம் என்று லைனில் முதலில் சொன்னவள் நான். காலையில் ரயில் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு மடக்கு கிடையாது. நீயும் பழகிக்கொண்டாய். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று இரண்டு பேரும் பீற்றிக்கொண்டு திரிந்தோம்.

உன் இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்து நீ நடக்க ஆரம்பித்த பிறகுதான் உன் அருமை மகன் உன்னைத் திருப்பாச்சூர் பக்கத்தில் ஒரு முதியோர் ஹோமில் கொண்டுபோய் விட்டான். "பெரிம்மா, டிவி கீது, டாக்டர் வர்றாரு, அம்மா ராணி மாதிரி இருக்கலாம்" என்றான் என்னிடம். ராணியாம். ராணியைக் கொண்டுபோய் எவன் ஆறு கட்டில் போட்ட அறையில் தள்ளுவான்? அங்கே இருக்கிற மேனேஜர் அதற்கு மேல். கழுத்தில் பட்டையாக ஒரு அடையாள அட்டை, கையில் இரண்டு போன். நான் 'ஹோம்' என்று சொன்னதும், "ஹோம்னு சொல்லாதீங்கம்மா, கேர் சென்டர்" என்று திருத்தினான். கேரு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி உன்னைப் பார்க்க வந்தேன். முதல் வாரமே அந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்தேன். ஐந்து மணிக்கு டீ டம்ளரை எடுக்க வந்த ஆயா, உன் வாக்கரையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பொதட்டூர்பேட்டை அம்மாவின் வாக்கரும் போனது. எல்லாவற்றையும் ஆபீஸ் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆளுக்கொரு டயாப்பரோடு வந்து நின்றாள். காலை விடிகிறவரை அதுதான்.

"நான் நடக்கிறேன்பா. தோ, பத்து அடிலதான் பாத்ரூம். செவுத்தைப் புடிச்சிக்கினே போயிடுவேன்" என்று மேனேஜரிடம் கெஞ்சினாய்.

"உயுந்தா யாரு பதில் சொல்றது? சாயங்காலத்துக்கு மேல மாடிக்கே ஒரு ஆயாதான். பாலிசிம்மா. டயாப்பர் எதுக்குக் கீது? அதுலயே போங்க" என்றான், போனைப் பார்த்துக்கொண்டே.

அதிலேயே போகணுமாம். அவனைக் கட்டிப்போட்டு, அதிலேயே போடா என்று சொல்ல எனக்கு ஒரு நாள் கிடைக்க வேண்டும். நடக்கத் தெரிந்தவளின் காலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அதற்குப் பாலிசி என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு ஆளைக் கூடுதலாகப் போட வக்கில்லை, வாசலில் மட்டும் செயற்கை நீரூற்று.

"ஈரத்துல படுத்துக் கெடக்கவாடி எங்கம்மா என்னைப் பெத்தா?" என்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"அட லூசு, லைன்ல இன்னா பண்ணோம்? மத்தியானம் சோறு துன்னதோட சரி. அப்பால தண்ணியைத் தொடாத. காலைல காஞ்ச டயாப்பரை அவன் மூஞ்சியில வுட்டெறி."

அடுத்த ஞாயிறு உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? "காஞ்சிக் கெடந்துச்சுடி! ஆயா தூக்கித் தூக்கிப் பாக்குறா" என்றாய். சூப்பர்வைசரை ஏமாற்றிய நாட்களில் சிரித்த மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பொதட்டூர்பேட்டை அம்மாவும் நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

சித்திரை வெயில் வந்தது. உன் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தேன். "ஒண்ணுக்குப் போனா எரியுதுடி" என்றாய். சூடுதான், வேறென்ன என்றேன். பகலிலும் நீ குடிப்பதைக் குறைத்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர்களிடம் நாம் தோற்றுவிடக் கூடாது என்றுதான் நினைத்தேனே தவிர, உன்னை நினைக்கவில்லை.

பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் என்னை யாரென்று உனக்குத் தெரியவில்லை. அந்தச் சின்ன வயசு டாக்டர் பெண், "இவங்க தண்ணியே குடிக்கலையா? இன்ஃபெக்ஷன் முத்தி கிட்னி வரைக்கும் போயிடுச்சே" என்றாள். உன் மகன் என் பக்கம் திரும்பினான். "பெரிம்மா, வாரா வாரம் பாத்தீங்களே, அம்மா தண்ணி குடிப்பாங்கதான?"

"எனக்கு இன்னாபா தெரியும்? அந்த ஹோம்காரனைக் கேளு" என்றேன்.

ஊரில் இருக்கிற எல்லார் மூஞ்சியிலும் துப்புகிறேனே, அன்றைக்கு என் மூஞ்சியில் துப்ப யாரும் இல்லை.

உன் சாவுக்கு அந்த மேனேஜர் மாலையோடு வந்தான். மாலையில் ரிப்பன், ரிப்பனில் சென்டர் பேர், போன் நம்பர். "வயசாயிடுச்சு, நிம்மதியா போய்ட்டாங்க" என்று உன் மகனின் தோளைத் தட்டினான். அறுபத்தேழு வயது. உன் மகனும் தலையை ஆட்டினான். அந்த மாலையை எடுத்துத் தெருவில் எறிய எனக்குத் தைரியம் இருந்ததா? இல்லை.

உன் சாமான்களை எடுத்து வர உன் மகனுக்கு நேரமில்லையாம். நான்தான் போனேன். நான்கு மணி இருக்கும். ஆயா கொடுத்த தண்ணீரைப் பொதட்டூர்பேட்டை அம்மா தள்ளி வைத்தார்.

"குடிங்கம்மா, இந்த வெயில்ல" என்றேன்.

"வேணாம்மா. அஞ்சு மணிக்கு வாக்கரை எடுத்துக்குனு பூடுவாங்க. தண்ணி குடிக்காம இருந்தா மானமா இருக்கலாம்னு உன் சிநேகிதிதான் சொல்லிக் குடுத்தா. நல்ல மனுசி" என்றார்.

உன் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவருடைய உதடும் வெடித்திருந்தது. உன் மகனிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். "அவ செத்ததே அதனாலதாம்மா. அவளுக்கு அதைச் சொல்லிக் குடுத்தது நான்."

அவர் திட்டவில்லை. டம்ளரை எடுத்துக் குடித்தார். ஐந்து மணிக்கு ஆயா வந்தபோது வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் ஓடி வந்து, "டைம் முடிஞ்சிச்சும்மா, கெளம்புங்க" என்றான். "இது மேல கைய வெச்சுப் பாரு" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. பொதட்டூர்பேட்டை அம்மா பாத்ரூமுக்கு நடந்தார். பத்து அடி போக, பத்து அடி வர. விழவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க வைத்து, நடத்திக் கூட்டிப் போய், கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். மற்ற ஆறு நாளும் குடிக்கிறீர்களா என்று கேட்டால், "குடிக்கிறேன், குடிக்கிறேன்" என்கிறார். நீயும் அந்த ஹோம் டாக்டர் வரும்போதெல்லாம் அப்படித்தான் சொல்லியிருப்பாய். அந்த ஆறு நாளைத்தான் நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.