மாதாவுக்குச் சாத்திய சேலைகள்

அன்புள்ள பிரிட்டோ அண்ணனுக்கு,

தங்கை ஜெசிந்தா எழுதுவது. மாதா தயவில் இங்கே எல்லோரும் சுகம். பாரீசில் குளிர் அதிகம் என்றாயே, அண்ணிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? நம் கொல்லையில் கரும்பு வெட்டு நடக்கிறது. இதைப் போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படி.

நம்மூர் மாதா கோயில் சுவரைத் தட்டினால் பொத்துப்பொத்தென்று கேட்கிறது, உளுத்துவிட்டது, இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று உன்னிடம் சொன்னவள் நான்தான். அதை நம்பித்தான் அம்மா பெயரில் புதுக்கோயில் கட்டித் தருவதாக நீ சொன்னாய். அவசரக்குடுக்கை நான், ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று மேஸ்திரி மரியசுந்தரம் மேற்குச் சுவரில் ஓரிடம் கொத்திப் பார்த்தார். நாலு விரல்கடை ஆழம் போயும் செங்கல் வரவில்லை.

"இன்னாம்மா இது, நீ தட்டுனது செவுரே இல்ல, வெறும் சுண்ணாம்பு. செவுரு உள்ள கல்லாட்டம் நிக்குது" என்றார்.

வருஷாவருஷம் கொடியேற்றத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆளாய்ப் போய் வெள்ளையடிப்போமே, அதைத்தானே மாதாவுக்குச் சேலை சாத்துவது என்போம். சாத்திய சேலையை உருவக் கூடாது என்று யாரும் பழைய பூச்சைச் சுரண்டியதே இல்லை. உளுத்துவிட்டது என்று நான் சொன்னது அந்தச் சேலைகளைத்தான். விழுந்த துண்டின் ஓரத்தில் ஏடு ஏடாகத் தெரிகிறது. எண்ணினேன் அண்ணா. நூற்று நாற்பதுக்கு மேல் கண் கலங்கி விட்டுவிட்டேன்.

வாசல் நிலையிலும் கொத்தினார். உள்ளே கருங்கல், அதில் பழைய எழுத்து. பார்க்க வந்த பக்கத்து வயல்காரர் தணிகைவேல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார். பாகூர் மூலநாதர் கோயில் சுவரில் இருக்கிற எழுத்து மாதிரியே இருக்கிறது, சோழர் காலத்துக் கல்லாக இருக்கும் என்றார். எங்கே கிடந்த கல்லோ, யார் சுமந்து வந்தார்களோ. பிறந்ததிலிருந்து நான் தொட்டுக் கும்பிட்டு நுழைகிற நிலை அது.

கோயிலை இடிக்கத் திங்கட்கிழமை பொக்லைன் வருகிறது. விரிசலை அடைத்தாலே போதும், இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்கிறார் மேஸ்திரி. ஆனால் கட்டித் தருவது நீ, உன் வாயால் சொல்லாமல் நிறுத்த மாட்டேன் என்கிறார் பங்குச்சாமியார்.

அம்மா பெயரைச் சலவைக்கல்லில் பார்க்க எனக்கும் ஆசைதான். அவள் அடக்கத்துக்கு வர முடியாமல் நீ தவித்த தவிப்பும் எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் சாத்திய சேலையில் ஒருத்தர் பெயரும் எழுதியில்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அம்மா முப்பத்தெட்டு முறை அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தாள். மேலே இருக்கிற ஏடுகள் எல்லாம் அவள் கை பட்டவை. பொக்லைன் வைத்தால் முதலில் உதிரப்போவது அவைதான்.

ஞாயிறு பூசைக்கு முன்னால் சாமியாரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு அண்ணா. மாதா உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

உன் தங்கை,
ஜெசிந்தா மேரி