அப்பா தட்டில் அம்மா சாப்பிடவில்லை

ஜூலை 27, திங்கள்

காலையிலிருந்து காற்று. சாரல் மூன்று முறை வந்து போனது. குழாயில் பத்து நாளுக்குப் பிறகு தண்ணீர். பன்னிரண்டு குடம் பிடித்தேன். வலது தோள் வலி.

சமூக அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்கள். அம்மா, அப்பா இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். சாமி படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு பல்பு வெளிச்சம் போதும். பேனா கீறுகிற சத்தம் கேட்குமோ என்று பென்சிலில் எழுதுகிறேன்.

ஊரடங்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் மாறியவை:

காலை டிபன் எட்டு மணிக்கு இருந்தது, இப்போது பதினொன்று. மதியச் சாப்பாடு நான்கு மணி. ராத்திரி சில நாள் வெறும் கஷாயம்.
எல்லாவற்றிலும் மிளகு. பாலில்கூட.
அப்பா வெங்காயம் உரிக்கிறார். மோட்டார் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர், வெங்காயத்தையும் அளவெடுத்துத்தான் நறுக்குகிறார்.
ஞாயிற்றுக்கிழமை முழு அடைப்பு. அதனால் கறி சனிக்கிழமையே. ஃப்ரிட்ஜ் இல்லாததால் அன்றே தின்று தீர்க்க வேண்டும்.
பேக்கரி பப்ஸ் இல்லை. தள்ளுவண்டிக் காளான் இல்லை. நாக்கு செத்துவிட்டது.
அம்மா இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். ஒரே வரிசையில் ஒட்டியிருக்கிற லைன் வீடு ஆறிலும் இப்போது எங்கள் மாவுதான்.

இதை எழுத உட்காரவில்லை. பயத்தை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா சாப்பிட்டு எழுந்த தட்டில்தான் அம்மா சாப்பிடுவாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். சண்டை போட்ட அன்றுகூட அந்தத் தட்டில்தான் போட்டுக்கொள்வாள். வெள்ளிக்கிழமையிலிருந்து இல்லை. அவர் எழுந்ததும் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய்த் தனியாக உட்காருகிறாள்.

"ஏம்மா அங்க போய்த் திங்கற?"

"ஆடி மாசம். வெரதம்."

விரதத்துக்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் கிண்ணத்தில் ரசமும் கருவாடும். கருவாடு தின்கிற விரதம் உண்டா?

அப்பா கம்பெனியில் ஒருவருக்குக் கொரோனா வந்து இரண்டு வாரம் ஆகிறது. அப்பாவுக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியும். என்னிடம் மறைக்கிறார்கள்.

ஜூலை 28, செவ்வாய்

ஆன்லைன் வகுப்பில் கணக்கு. நெட் போய்ப் போய் வந்தது. ஒன்றும் ஏறவில்லை.

காலை பத்து மணிக்கு மாநகராட்சியிலிருந்து காய்ச்சல் பார்க்கிற அக்கா வந்தாள். நீலக் கோட்டு, கையில் கருவி. கதவுக்குக் கதவு ஒரே கேள்வி.

"ஏனுங்கக்கா, ஊட்டுல ஆருக்காச்சும் காச்சல், சளி, வாசம் தெரியாம இருக்கறது, ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க கண்ணு" என்றாள் அம்மா. கேள்வி முடிவதற்குள் பதில். அப்பாவை உள்ளேயே நிற்க வைத்துக்கொண்டு தான் மட்டும் வாசலை அடைத்து நின்றாள்.

அப்பா இருமினார். "மொளகு" என்றார். யாரும் கேட்கவில்லையே, ஏன் சொன்னார்?

சாயங்காலம் ஒரு சோதனை செய்தேன். டீ நான் போட்டேன். அப்பா டம்ளரில் சர்க்கரையே போடவில்லை. முழு டம்ளரையும் குடித்தார். முகம் மாறவில்லை. டம்ளரை நீட்டி, "நல்லா இருந்துது அம்மணி" என்றார்.

நல்லா இருந்ததாம். நாக்கில் ருசி இல்லை. உறுதி.

பக்கத்தில் படுத்திருக்கிறார். மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 30, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

வீ.அ. வந்தாள் (வீட்டுக்கார அம்மா. யாராவது நோட்டைப் பார்த்தாலும் புரியக்கூடாது). மேல் மாடியிலிருந்து இறங்காமல், படியில் நின்றே ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"மூணாவது வீதில ஒருத்தருக்கு வந்துதுன்னு வெளிய வர முடியாம தகரம் அடிச்சுப்போட்டாங்க, தெரியுமில்ல? இங்க ஆருக்காச்சும் வந்துதுன்னா ஊட்டக் காலி பண்ணிப்போடோணும். எனக்கு சக்கரை இருக்குது, ப்ரஷர் இருக்குது. மூஞ்சி பாக்க மாட்டேன் ஆமா."

"அதெல்லாம் ஒண்ணும் வராதுங்க" என்றாள் அம்மா.

"வந்தா மறைக்கறதுக்குன்னே நாலு பேரு இருக்கறாங்க."

அப்போது யாரைப் பார்த்தாள்? எங்களைத்தானே?

காலி செய்தால் எங்கே போவது? வெள்ளகோவில் மாமா போன வாரமே போனில், "இப்ப இங்க வந்துபோடாதீங்க" என்று சொல்லிவிட்டார். நாங்கள் வருகிறோம் என்று சொல்லவே இல்லை.

இன்னொன்று. ஒன்றாம் நம்பர் வீட்டில் மாவு புளித்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் நம்பரும் சொன்னார்கள். அம்மா மாவில் ஒரு குறை வந்ததே கிடையாது. நாலாம் நம்பர் ராணி அக்கா மட்டும், "எனக்கு இந்தப் புளிப்புதானுங் அத்தை வேணும். நாளைக்கும் இதே பதத்துல குடுங்க" என்றாள். எட்டு மாதக் கர்ப்பம். வயிற்றின்மேல் மாவுப் பாத்திரத்தை, எங்கள் போசியை, தாங்கிக்கொண்டு போகிறாள்.

அம்மா சிரிக்கவில்லை. மாவு ஆட்டும்போது மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கிரைண்டரைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

ஆகஸ்ட் 1, சனி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

கறிக்கடையில் கூட்டம் என்று அப்பா ஆறு மணிக்கே போய்விட்டார். நான் தண்ணீர்க் குடத்தோடு பின்வாசலில் ஏறும்போதே நாற்றம். அழுகின மாதிரி, சாராயம் மாதிரி. நேற்று ராத்திரி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்க மறந்திருக்கிறாள். பொங்கி வழிந்து, போசியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். துண்டைக் கீழே இறக்கிவிட்டு மூடியைத் திறந்து, எப்போதும்போலக் குனிந்து முகர்ந்தாள். மாவுக்குப் பதம் பார்ப்பது அவள் மூக்குதான். கையை விட்டுப் பார்க்கவே மாட்டாள்.

முகர்ந்துவிட்டு, "பதமா இருக்குது. ராணிக்கு மொதல்ல ஊத்து" என்றாள்.

நான் குடத்தை இறக்காமல் நின்றேன்.

திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது, இரண்டு பேருக்கும்.

வந்திருப்பது அப்பாவுக்கு இல்லை. அம்மாவுக்கு.

அப்பா வந்ததும் கேட்டேன், அன்றைக்கு டீயில் சர்க்கரை இல்லையே, ஏன் சொல்லவில்லை என்று. "தீந்துபோச்சுன்னு நெனச்சேன். கேட்டா உங்கம்மா கடைக்கு ஓடுவா" என்றார். ஐந்து நாளாகத் தப்பான ஆளை வேவு பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. போன வருஷம் பேரூர் ஆற்றுக்குப் போனோம், ஐந்து வகைச் சாதம் கட்டிக்கொண்டு. இன்று முழு அடைப்பு. தெருவில் நாய்கூட இல்லை. அரிசிம்பருப்பு சாதம் மட்டும். உப்பு இரண்டு மடங்கு. அப்பா ஒன்றும் சொல்லாமல் தயிரை ஊற்றித் தின்றார். அவருக்கும் தெரியுமா?

அப்பா குளிக்கப் போனபோது கேட்டேன்.

"சத்தமாப் பேசாத. செவுத்துக்கு அந்தப்பக்கம் ஆளு இருக்குது" என்றாள் அம்மா. "எனக்குக் காச்சல் இல்ல, இருமல் இல்ல. மூக்கு அடைச்சிருக்குது, அவ்வளவுதான்."

"அப்பறம் ஏன் தனியா உக்காந்து திங்கற?"

கழுவின கிண்ணத்தையே மறுபடி கழுவினாள்.

"மாவ நிறுத்திப்போடலாம்மா."

"நிறுத்துனா ஏன் நிறுத்துனேன்னு ஆறு ஊட்டுலயும் கேப்பாங்க. என்ன சொல்றது? துணி கட்டிட்டுதான ஆட்டறேன். வேக வெச்சுதான திங்கறாங்க."

"ராணியக்கா பக்கத்துல நின்னு பேசறயே."

அம்மா அடுப்பைத் தணித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள்.

"என்ர தலமேல சத்தியம் பண்ணு. ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது. பத்து நாள். அதுக்குள்ள சரியாயிரும்."

தலை சுட்டது. காய்ச்சலா, அடுப்புச் சூடா தெரியவில்லை. சத்தியம் செய்துவிட்டேன்.

தலைமேல் அடித்த சத்தியத்தை உடைத்தால் அந்தத் தலைக்கு ஆகாது. வகுப்பில் இதை மூடநம்பிக்கை என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

சாரல். தண்ணீர் இல்லை.

பத்து மணி. அதே அக்கா, அதே கேள்வி. "ஒண்ணுமில்லீங்க கண்ணு."

அம்மாவைத் தாண்டி எட்டிப் பார்த்தேன், பக்கத்து வாசலில் ராணி அக்கா தெரிந்தாள். கோலம் போட முடியாமல் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். கையில் எங்கள் போசி, கழுவித் திருப்பிக் கொடுக்க.

குப்பை கொட்டுகிறேன் என்று கிளம்பினேன். வீதி முக்கில், டிரான்ஸ்பார்மர் பக்கம் அக்காவைப் பிடித்தேன்.

"எங்கம்மாவுக்கு வாசம் தெரியலீங்கக்கா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நாலாம் நம்பர் ஊட்டு அக்காவ மொதல்ல பாருங்க."

அவள் எழுதவில்லை. பேனாவை மூடினாள். "உன்ர பேரு என்ன?" என்று மட்டும் கேட்டாள். நான் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன். ஆனால் வீட்டு நம்பர் அவளுக்குத் தெரியுமே.

மதியம் அம்மா படுத்திருந்தாள். மூன்று முறை போய் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தேன். இருக்கிறாள்.

ஆகஸ்ட் 5, புதன்

நேற்று ஒரு வண்டி வந்தது. "லைன் ஊடு பூரா டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்கள். எல்லோர் மூக்கிலும் குச்சி. எங்கள் வீட்டைத் தனியாகச் சொல்லவில்லை. நீலக் கோட்டு அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்று மதியம் போன். அம்மாவுக்கு இருக்கிறது. அப்பாவுக்கும் எனக்கும் இல்லை. மற்ற வீட்டு ரிசல்ட் இன்னும் வரவில்லை.

அம்மா இரண்டு நைட்டி, ஒரு துண்டு, பல்பொடி எடுத்துப் பையில் வைத்தாள். போகும்போது என்னைத் தொடவில்லை. "ரசத்துல புளி கொஞ்சமாப் போடு, அப்பாவுக்கு நெஞ்சக் கரிக்கும்" என்றாள். அவ்வளவுதான். வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். என்னையா, வீட்டையா?

தகரம் அடிக்கிற சத்தம் ஆறு வீட்டுக்கும்.

அப்பா வாசலில் நின்று மேல் மாடியைப் பார்த்துக் கத்தினார். இந்த மனிதர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"ஊரெல்லாம் உட்டுப்போட்டு இந்த லைனுக்கு மட்டும் எப்பிடி வந்தாங்க? நீங்கதான போன் பண்ணிச் சொன்னீங்க?"

"நானெதுக்குச் சொல்றேன்? தகரத்துக்குள்ள நானுந்தான இருக்கறேன்!"

"காலி பண்ணோணும்னு எங்களயத்தான பாத்துச் சொன்னீங்க!"

வீ.அ. அழுதாள். ஆறு வீட்டுக் கதவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருந்தது. ஒன்றாம் நம்பரில் எங்கள் மாவு மீதியைச் சாக்கடையில் கொட்டியிருந்தார்கள்.

நான் அரிசி களைந்துகொண்டே இருந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மழை இல்லை. காற்று மட்டும். வாசல் தகரம் அதில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

இரண்டு நாளாக எங்களோடு யாரும் பேசவில்லை. குழாயடியில் நான் போனால் மற்றவர்கள் தள்ளி நிற்கிறார்கள். வீ.அ.வோடும் யாரும் பேசவில்லை, அவள்தான் காட்டிக் கொடுத்தாள் என்று. இன்று அவள் காய்கறிப் பையை மாடியிலிருந்து கயிற்றில் இறக்கினாள், ஆறு வீட்டுக்கும் சேர்த்து. ஒருவரும் எடுக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் நான்காம் நம்பருக்குப் போன் வந்தது. சுவருக்கு இந்தப்பக்கம் காதை வைத்துக் கேட்டேன். "இல்லீங்களா? நெசமா இல்லீங்களா?" என்று ராணி அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அவள் வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம்.

அப்பா அப்போது சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். மறுபடி மேலே போய் வீ.அ.வைக் கேட்கப் போகிறாராம்.

"போகாதீங்கப்பா. அவீங்க சொல்லல."

"உனக்கென்ன தெரியும்?"

"நான்தானுங்கப்பா சொன்னேன்."

சட்டைப் பொத்தான் பாதியில் நின்றது. அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. திறந்து பார்த்தால் போனை அழுத்திக்கொண்டிருந்தார். மணி போகிற சத்தம் கேட்டது. என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு உங்கம்மாகிட்ட."

அம்மா குரல் தூரத்தில். பின்னால் நிறையப் பேர் இருமுகிற சத்தம்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"அம்மா, சத்தியத்த மீறிப்போட்டேன். நான்தான் காச்சல் பாக்கற அக்காகிட்டச் சொன்னேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"ராணிக்கு?"

"இல்லியாம்மா. இப்பத்தான் ரிசல்ட் வந்துது."

ஒரு சத்தம் வந்தது. அழுகையா, மூச்சா தெரியவில்லை.

"அவளுக்கு வந்துருமோன்னு பத்து ராத்திரியாக் கண்ணு மூடலடி" என்றாள். "வெச்சுரு. நான் தூங்கோணும்."

வைத்துவிட்டாள். திட்டவில்லை. நல்லது செய்தாய் என்றும் சொல்லவில்லை.

அப்பா மாடிக்குப் போயிருக்கிறார். கத்துகிற சத்தம் கேட்கவில்லை. இன்னும் இறங்கி வரவில்லை.