மல்லாட்டைக்குப் போட்ட ஊசி

அன்பு மகள் செல்விக்கு,

உன் சின்னம்மா கலையரசி எழுதுவது. உடம்பு என்று பார்த்தால் நானும் உன் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். நீயும் புனே மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது எதற்குத் தபால் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் இருப்பார், நீ அழுவாய், நான் அழுவேன், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுபோகும். அதனால் தபால் ஆபீசில் என் கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, வேலைக்கு நடுவே எழுதுகிறேன். நம் நாய் மல்லாட்டை செத்துப்போய்விட்டது, செல்வி. கடைசிப் பக்கம்வரை உன்னைத் தேடவிடாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ வீடியோவில் காட்டச் சொன்னபோது, படுத்திருக்கிறது என்றேன். விழுப்புரத்தில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு படுத்திருந்தது. இன்னொன்றையும் முதலிலேயே எழுதுகிறேன். ஆவணியில் உன் நிச்சயதார்த்தத்தன்று தீட்டு வந்துவிடக் கூடாது என்று பாஞ்சாலி அத்தை உனக்குக் கொரியரில் மாத்திரை அனுப்பியிருக்கிறார்களே, அதை இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை பிரிக்காதே.

வைகாசியில் திரௌபதி அம்மன் கோயிலில் உன் அப்பா காப்புக் கட்டிக்கொண்டது உனக்குத் தெரியும். உனக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இந்த வருஷம் தீ மிதித்தார். காப்புக் கட்டிய வீட்டில் கவுச்சி கூடாது, தீட்டு கூடாது என்று காவல் இருக்க அத்தை கெடாரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். வந்ததும் வராததுமாக என் கையில் மாத்திரையைத் திணித்து, ‘பாரதம் படிச்சி முடியறவரிக்கும் போட்டுக்கினு போ, அம்மனுக்கு முன்னாடி நம்ம பேஜார வச்சிக்கக் கூடாது’ என்றார்கள். நம் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள். ஸ்டாம்பு வாங்க வருகிறவர்கள்கூட என்னிடம் ‘உனுக்கு மாத்தர கீதா, வேணுமா’ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் மல்லாட்டைக்கு யார் சொல்வது? அந்த வாரம்தான் அது பருவத்துக்கு வந்தது. கூடத்தில் அங்கங்கே சொட்டு. வாசலில் ஊர் நாயெல்லாம். உன் அப்பா மஞ்சள் வேட்டியோடு கல்லெடுத்து ஓட்டிக்கொண்டே இருந்தார், அதுகள் வேலி ஓரம் போய்த் திரும்பி வந்துகொண்டே இருந்தன. அத்தைக்குத் தாங்கவில்லை. ‘இன்னாடா வெங்கடாசலம், பொண்ணுக்கு மாப்ள வரணும்னு காப்புக் கட்டிக்கினா நாய்க்கு இத்தினி மாப்ள வந்து நிக்குது! சாமி கும்புடற வூடா இது?’ என்று கத்தினார்கள்.

அப்போதுதான் வல்லரசு வந்திருக்கிறான். நம் ஊர் மாடுகளுக்கெல்லாம் ஊசி போடுகிறவன், டாக்டர் இல்லை, உனக்கு நினைவிருக்கும். ‘இதுக்குப் போயி இன்னா மாமா. ஒரே ஊசி, ஜல்தியா நின்னுடும். வூட்ல அக்கா மாத்தர போட்டுக்கினு இருக்காங்கல்ல, அத மாதிரிதான்’ என்று சொல்லி, நான் வேலை முடிந்து வருவதற்குள் போட்டுவிட்டுப் போய்விட்டான். என்ன ஊசி என்று கேட்டேன். தீட்டு ஊசி என்றார் உன் அப்பா. சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதி. வலிக்காமல் அறுக்காமல் காரியம் முடிந்ததே என்ற நிம்மதி அது. சொட்டு நின்றது. வாசல் நாய்களும் கலைந்து போயின. உன் அப்பா பூக்குழியில் இறங்கி ஏறினார், காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அடுத்த வாரமே வானூர் பக்கத்திலிருந்து உனக்குச் சம்பந்தம் வந்தது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது என்று வீடே நினைத்தது.

நீ படிக்கிற காலத்திலேயே கருத்தடை ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்று எத்தனை முறை கேட்டாய். திண்டிவனத்தில் முகாம் போட்டபோது நீயே தூக்கிக்கொண்டு கிளம்பினாய், அவர் கதவில் நின்று மறித்தார். அப்பா ஒரு பட்டிக்காடு என்று அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை. அப்போது நான் இந்த வீட்டுக்குப் புதுசு. உனக்கும் எனக்கும் இடையே பேச்சே கிடையாது, இந்த நாயைக் கூப்பிடுகிற சாக்கில்தான் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தோம். அதனால் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் பிறகு தெரிந்துகொண்டேன். உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த பிறகுதானே காலில் ரத்தம் கட்டி, அது நெஞ்சுக்கு ஏறி, எல்லாம் முடிந்தது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது, வூட்டுக்குப் போவலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள். ஆபரேஷன் என்ற வார்த்தையே இவருக்கு ஆகாது. டிவியில் வந்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார். அவர் கதவை மறித்தது பிடிவாதத்தால் இல்லை, செல்வி, பயத்தால். அந்தப் பயம்தான் ஆபரேஷனை விட்டு ஊசியைப் பிடித்துக்கொண்டது.

ஆனி பிறந்தது. மல்லாட்டையின் வயிறு மெல்லப் பெருக்க ஆரம்பித்தது. சினை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஊசி போட்டும் எப்படி என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அத்தையிடம் போனில் சொன்னதற்கு, ‘ஊசியையும் மீறிப் புடிச்சிக்கினுதுன்னா அது அம்மன் குடுத்தது, ஒண்ணும் பண்ணாதீங்க, வயித்துப் புள்ளக்காரிக்குச் சோறு போடற மாதிரி போடுங்க’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உன் அப்பா தினமும் முட்டை உடைத்துப் பாலில் ஊற்றி வைத்தார். மாட்டுக்கொட்டகை மூலையில் சாக்கு விரித்து இடம் பண்ணினார். உனக்குச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நிச்சயதார்த்தத்துக்கு நீ வரும்போது குட்டிகளைக் காட்ட வேண்டுமாம், ஒன்றை உன் புகுந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமாம். மல்லாட்டையோ தண்ணீர், தண்ணீர், தண்ணீர். வாளி நிரப்பி வைத்தால் காலி. குழாயடியில் ஈரத்தில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். வெயில்தானே என்றோம். பிறகு முட்டையை முகர்ந்துவிட்டு விலகிப் போனது, பச்சையாக வாந்தி எடுத்தது. டாக்டரிடம் காட்டலாம் என்றேன். ‘சென நாயின்னா அப்டித்தான் இருக்கும், நீ பாத்திருக்கிறியா’ என்றார் உன் அப்பா. நான் பார்த்ததில்லைதான். நான் பிள்ளை பெற்றவளும் இல்லை, அந்தப் பேச்சில் மேற்கொண்டு எதுவும் சொல்ல எனக்கு வரவில்லை.

ஒரு நாள் காலையில் அதனால் எழுந்திருக்க முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு திண்டிவனம் போனோம். அங்கே புனிதா என்று ஒரு டாக்டரம்மா, உன்னைவிடக் கொஞ்சம் பெரியவர் இருப்பார். வயிற்றில் ஸ்கேன் வைத்தவுடன் உன் அப்பா, ‘எத்தினி குட்டிங்க மேடம்’ என்று கேட்டார். அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘குட்டியே இல்லைங்கய்யா. கர்ப்பப்பை பூரா சீழு. வாய் மூடிக்கிட்டதால வெளிய ஒரு சொட்டு வரல, அதான் உங்களுக்குத் தெரியல’ என்றார். பருவத்தை நிறுத்த ஏதாவது ஊசி போட்டீர்களா என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் ஆமாம் என்றேன். ஊசி போடாத நாய்க்கும் இது வரும், ஆனால் அந்த ஊசி கர்ப்பப்பையைச் சினை என்று ஏமாற்றி உப்ப வைத்துவிடும், அதில் கிருமி சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று விளக்கினார். தண்ணீர் அவ்வளவு குடித்தது அந்த விஷத்தால்தான், சிறுநீரகமும் கெட்டுக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், விழுப்புரத்துக்குக் கொண்டுபோங்கள், சொல்லி வைக்கிறேன் என்றார். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஆனால் குனிந்து மல்லாட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஆட்டோவில் ஏறியது அவர்தான்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். நாயின் தலை என் மடியில், உடம்பு அவர் மடியில். வாயிலிருந்து ஒரு நாற்றம், எழுத வேண்டாம். அப்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ‘அவளையும் இதே ரோட்லதான் இட்டுக்கினு போனன். இதே மாதிரிதான் வண்டிங்க நின்னுக்கினு இருந்துது.’ உன் அம்மாவைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் தானாகச் சொன்னது அந்த இரண்டு வாக்கியம்தான்.

ஆபரேஷன் முடிந்து எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். நான் பார்க்கவில்லை, அவர் பார்த்தார். முறத்தில் புடலங்காய் வைத்தாற்போல் தடித்துக் கிடந்தது என்றார். ‘இத்தக் குட்டின்னு நெனச்சிக்கினு முட்ட ஊத்திக்கினு இருந்தனே’ என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் தெளிந்து மல்லாட்டை ஒருமுறை வாலை அசைத்தது. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் நம்பினோம். ஆனால் சிறுநீரகம் திரும்பவே இல்லை. சொட்டு மூத்திரம் இல்லாமல், உடம்பு சில்லிட்டு, மூன்றாம் நாள் போய்விட்டது. கூப்பிட்டால் காதை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் இல்லை. மல்லாட்டைக் கொல்லையின் மேல்வரப்பு ஓரம் அவரே குழி எடுத்தார், மண்வெட்டியை யாருக்கும் தரவில்லை. தோலுரிக்காத வேர்க்கடலைப் பயறு நிறம் என்று நீ அதற்கு மல்லாட்டை எனப் பேர் வைத்தாய், அந்த நிறத்திலேயே மண்ணும் இருந்தது. துக்கம் கேட்க வந்த வல்லரசு, ‘எத்தினியோ நாய்க்குப் போட்டிருக்கறன் மாமா, எதுக்கும் ஒண்ணும் ஆனதில்ல’ என்றான். இவர் சண்டை போடவில்லை. ‘ஆனத உனுக்கு எவன் வந்து சொன்னான்’ என்று மட்டும் கேட்டார். குழாயடி வாளியில் இன்னும் காலையில் எழுந்ததும் தண்ணீர் நிரப்பி வைக்கிறார். நான் அதை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுகிறேன்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். நாயும் பெண்ணும் ஒன்றில்லை, அந்த ஊசியும் இந்த மாத்திரையும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும். நான் போட்டுக்கொண்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது என்றார். பிறகு, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்த கதை உண்டா என்று கேட்டார். உன் அம்மாவைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். உங்கள் மகள் ஒரு டாக்டரைப் பார்க்காமல் ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். அத்தை கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை, அவர்கள் யாரையும் கேட்டதில்லை, அவர்களை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நேற்று உன் அப்பா தபால் ஆபீசுக்கு வந்தார். வீட்டில் கேட்க முடியாததை அங்கே வந்து, கவுண்டருக்கு அந்தப் பக்கம், மணியார்டர் கட்ட வந்தவர் மாதிரி நின்றுகொண்டு கேட்டார். ‘ஆவணியில... அவளுக்கு... எப்போன்னு கேட்டு எழுது. அந்தத் தேதி வுட்டுட்டு நாளு பாக்கலாம்’ என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்ல முடியவில்லை, ஆனால் கேட்டுவிட்டார். உன் நாள் ஒரு கணக்கில் வராது என்று நீ என்னிடம் மட்டும் சொன்னதை நான் இதுவரை காப்பாற்றி வந்தேன். நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன், எந்தத் தேதி என்று அவளுக்கே தெரியாது என்று. மன்னித்துக்கொள். ரொம்ப நேரம் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் அத்தைக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தது அடுப்படியில் எனக்குக் கேட்டது. ‘கோயில் மண்டபம் வேணாம்க்கா. வூட்லயே வச்சிக்கலாம். வந்தா வரட்டும். எம்பொண்ணு உள்ளாரதான் இருப்பா, நடுக் கூடத்துல உக்காருவா.’ அந்தப் பக்கம் அத்தை என்னவோ கத்தினார்கள். இவர் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் கத்தி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

ஆகையால் எந்தத் தேதியும் எழுத வேண்டாம், நீ வா. அங்கே ஒரு நல்ல லேடி டாக்டரைப் பார்த்து, உன் அம்மாவுக்கு நேர்ந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லு, உன் நாள் ஏன் இப்படித் தப்புகிறது என்பதையும் கேள். வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடாதே. இராத்திரியில் வெறும் பிஸ்கட்டோடு படுக்காதே. திரௌபதி அம்மனும் உன் அம்மாவும் உனக்குத் துணை இருக்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவிடம் போனில் பேசும்போது மல்லாட்டையைப் பற்றி அவராக எடுக்கும்வரை கேட்காதே. அவர் எடுத்தால் நடுவில் பேசாமல் கேட்டுக்கொள். அந்த மாத்திரையைப் பிரிக்காமல் வரும்போது கொண்டுவா, அத்தையிடம் நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் பிரியமுள்ள சின்னம்மா,
வெ. கலையரசி