வக்கீல் இப்போது குரைப்பதில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால் அதற்குத் தனியாக ஒரு தாள் எடுக்க வேண்டும். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி விட்டதா? உன் பழைய நம்பர் போவதில்லை. புது நம்பரை அக்காவிடம் கொடுத்துவிட்டு, யாருக்கும் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறாயாம். அவள் சொன்ன சொல் தவறாதவள். முகவரியைப் பற்றி நீ எதுவும் சொல்லவில்லையாம். அதனால் அதை மட்டும் கொடுத்தாள்.

உன் வக்கீலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நாய்க்கு எந்த நேரத்தில் அந்தப் பெயரை வைத்தாயோ, வாய் ஓயவில்லை. நீ இருந்தபோது குப்பை வண்டி, கூரியர்காரர், எதிர்வீட்டுப் பூனை என்று எல்லோர் மீதும் வழக்குப் போட்டது. நீ போன பிறகு அதற்கு ஒரே வழக்குதான், உன் பைக். அப்பா அதைக் கோபத்தில் விற்றார் என்பது உனக்குத் தெரியும். யாருக்கு விற்றார் என்பது தெரிந்திருக்காது. நம் தெருக்கோடியில் இருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கு. கோபப்பட்ட மனுஷன் கொஞ்சம் தூரத்து ஆளாகப் பார்த்து விற்றிருக்கலாம். அந்த வண்டி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நம் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் சத்தம்தான் உனக்குத் தெரியுமே. தெருத் திருப்பத்தில் கேட்கும்போதே வக்கீல் எழுந்து கதவில் காலை வைத்து நின்றுவிடும். வண்டி தாண்டிப் போய் வெகுநேரம் ஆனாலும், தொண்டை கட்டினாலும், குரைப்பதை விடாது.

மாடியில் வீட்டுக்கார அம்மாவின் மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். ஒருநாள் அந்த அம்மா இறங்கி வந்து, "குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்திரிக்குது, நானும் எவ்வளவுதான் பொறுத்துக்கறது" என்றார். மாதக் கடைசிக்குள் நாயை அடக்க வேண்டும், முடியாவிட்டால் காப்பகத்தில் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. உன்னுடையது என்று இந்த வீட்டில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். நாளைக்கு நீ வந்து நாய் எங்கே என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்?

அப்பா முதலில் தன் வழியில் முயன்றார். அது குரைக்கும், இவர் அதட்டுவார், அது இன்னும் குரைக்கும். கால்நடை மருத்துவமனையில் ஊசி போடும் பெண்ணிடம் யோசனை கேட்கப் போனோம். "நீங்க கத்துனா, ஐயாவும் நம்மகூடச் சேர்ந்து குரைக்கிறாருன்னு அதுக்குக் குஷிதான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாயை மூடினால் பிஸ்கட் கொடுங்கள் என்றாள். வக்கீலா ஏமாறும்? பிஸ்கட்டுக்காகவே குரைத்து, நிறுத்தி, ஃபீஸ் கேட்டு வந்து நின்றது. அப்புறம் அவள் வேறு வழி சொன்னாள். வண்டியைத் தூரத்தில் ஓடவிட வேண்டும், நாய் சும்மா இருந்தால் பிஸ்கட், பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

அதற்கு வண்டி வேண்டுமே. நான் போய்க் கேட்கிறேன் என்றேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவரே போய் வாங்கி வந்தார். ஏறி உட்காரும் முன் தோள் துண்டால் டேங்கைத் துடைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விற்ற பிறகு அதன் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

நான் உள்ளே, வழக்கம்போலப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டு, பிஸ்கட் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தாள். நாயைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெதுவாக, "அம்மா, வண்டிச் சத்தம் வந்ததும் உங்க மிஷின் நிக்குது. அது நின்ன பிறகுதான் இது எழுந்திரிக்குது. பழக்க வேண்டியது இதை இல்லம்மா" என்றாள்.

நான் நிறுத்துகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அவள் போன பிறகு தைத்து வைத்திருந்த சட்டைகளை விரித்துப் பார்த்தேன். நேராகப் போன தையல் நடுவில் நின்று, கொஞ்சம் விலகி, மறுபடி தொடங்கியிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, நிறைய.

அன்றிலிருந்து பயிற்சி எனக்குத்தான். மிதியிலிருந்து காலை எடுக்கக் கூடாது, தலை நிமிரக் கூடாது, கதவைப் பார்க்கக் கூடாது. வெளியே உன் வண்டி வந்து நிற்கும். அதில் இருப்பது அப்பா என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் கேட்காது. ஒருமுறை ஊசி விரலில் ஏறிவிட்டது. நாய்க்குப் பிஸ்கட் கிடைக்கிறது, எனக்கு யார் தருவார்கள் என்று அப்பாவிடம் வேடிக்கையாகக் கேட்டேன். அவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

இப்போது பழகிவிட்டது. வண்டி போகிறது, மிஷின் ஓடுகிறது, வக்கீல் காதைக்கூட அசைப்பதில்லை. மாடியில் குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறது. வீட்டுக்கார அம்மா சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். நாயை எங்கேயும் அனுப்ப வேண்டாம். நல்ல செய்திதான். ஆனால் எனக்கு அழத்தான் தோன்றுகிறது.

அப்பா இன்னமும் மாலையில் அந்த வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டு வருகிறார். அதான் பழகிவிட்டதே என்றேன். "விட்டா மறந்துடும்" என்றார். வாசலில் நிறுத்தி, அணைக்காமல், கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று உன்னிடம் சொன்ன அதே மனுஷன்தான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அவர் பிள்ளைதானே நீ. நடுவில் நான் என்ன செய்வேன், சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், கண்ணா. என்றைக்காவது நீ வந்து வாசலில் நின்றால், நாய் குரைக்காது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். உன்னை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே. கதவைத் தட்டு. சத்தம் நிற்கவில்லை என்றால் மறுபடியும் தட்டு.

என்றும் உன்
அம்மா