சஷ்டியன்று நீங்கள் உண்ட முதல் வாய்

அக்கா,

இன்று காலை கீழப்பழுவூர் கறிக்கடையில் நின்றேன். “சுவரொட்டி ஒண்ணுதான் இருக்கு, எடுத்து வைக்கட்டுங்களா?” என்றார் கடைக்காரர். அந்த ஆட்டு மண்ணீரலைப் புரட்டிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், இன்றைக்கு அறுத்ததுதானா என்று இரண்டு முறை கேட்டேன். என் புத்தி உங்களுக்குத் தெரியாததா? அந்த வாடையில் உங்கள் தூக்குவாளி நினைவுக்கு வந்துவிட்டது.

மூன்றாம் மாதத்தில் எனக்குக் கலைந்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது உங்களைத்தான். மூத்தார் மனைவி, ஏழு வருடமாகப் பிள்ளை இல்லாதவர், அதற்கு முந்தின வாரம் ஒரு டப்பா எள்ளுருண்டை கொடுத்தவர். வேறென்ன சாட்சி வேண்டும்? “எள்ளுருண்டை தின்னெல்லாம் கலையாதும்மா. கரு சரியா வளரல, அவ்ளோதான். யாரு மேலயும் தப்பில்ல” என்றார் அரியலூர் டாக்டரம்மா. டாக்டரம்மாவுக்கும் நீங்கள் ஒரு டப்பா கொடுத்திருப்பீர்களோ என்று நினைத்தேன். உடையார்பாளையத்திலிருந்து என் அம்மா வேறு போனில், “அவ குடுத்தத வாயில வைக்காதடி” என்று தூபம் போட்டாள்.

ரத்தம் குறைவு, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து தினமும் தூக்குவாளியோடு வந்தீர்கள். முருங்கைக்கீரை, முட்டை, மிளகு போட்டு வறுத்த சுவரொட்டி. “இது தின்னா ரத்தம் ஊறும். சூடா சாப்டு” என்று வைத்துவிட்டுப் போவீர்கள். உங்கள் தலை மறைந்ததும் கொல்லையில் வாழையடியில் கொட்டிவிடுவேன். வெறும் ரசஞ்சோறு தின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கொட்டியதைத் தின்ற காக்காய் ஒன்றும் சாகவில்லை. மெதுவாகக் கொல்கிற மருந்தாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் கொல்லையிலேயே மயங்கி விழுந்தேன். தூக்க ஓடிவந்தது நீங்கள்தான். வாழையடியில் கிடந்ததைப் பார்த்தீர்கள். மறுநாள் அதே தூக்குவாளி. தட்டில் சோற்றைப் போட்டு, சுவரொட்டியோடு பிசைந்து, முதல் வாயை நீங்களே சாப்பிட்டீர்கள்.

“அக்கா, இன்னிக்கி சஷ்டியாச்சே!”

“முருகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சாப்டு.”

பிள்ளை வேண்டி, ஏழு வருடமாக ஒரு சஷ்டி விடாமல் பட்டினி கிடந்தவர் நீங்கள். அப்போதும் நான் உங்கள் தொண்டையைத்தான் பார்த்தேன், நிஜமாகவே விழுங்குகிறீர்களா என்று. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. பிறகு அழுதுகொண்டே சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஒரு மாதம், என் தட்டில் முதல் வாய் உங்களுடையது.

அப்புறம் எனக்கு மகள் பிறந்தாள். உங்களுக்குக் கடைசிவரை இல்லை. அந்த ஒரு சஷ்டி முறிந்ததாலோ என்று இப்போது என்மேலேயே சந்தேகம் வருகிறது. டாக்டரம்மாவிடம் கேட்டால் திட்டுவார். உங்களிடம் கேட்கத் துணிவு வரவில்லை. போன பங்குனியில் நீங்களும் போய்விட்டீர்கள்.

இன்று வாங்கியது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. வேலித் தகராறில் ஆறு மாதமாக என்னோடு பேச்சில்லை. போன வாரம் அவளுக்கும் கலைந்துவிட்டது. வறுத்து எடுத்துக்கொண்டு போனேன். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்குப் பழக்கமான பார்வைதான். கோபம் வரவில்லை அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, முதல் வாயை நான் சாப்பிட்டேன்.