சட்டப்படி ஒரு சாய்தளம்

மாசி 3, திங்கள்

காலையில் பனி. கிணறு வரைக்கும்கூடக் கண் எட்டவில்லை. முதல் இரண்டு பாடத்துக்கும் லீவு சொல்லிவிட்டுப் பிரதேச சபைக்கு. எனக்கு முன்னால் பத்துப் பேராவது இருக்கும்.

எங்கள் வீட்டு விறாந்தையின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன அறை கட்டவேண்டும், போட்டோக்கொப்பிக் கடைக்கு. பிரதேச செயலகத்துக்குப் போகிற சனம் எங்கள் படலையைத் தாண்டித்தான் போகிறது. எல்லோர் கையிலும் ஏதோவொரு கடதாசி. அண்ணை கடையில் இருக்கலாம். அவ்வளவுதான் திட்டம்.

லிகிதர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வீடோ, கடையோ?"

"வீட்டோடை சேர்ந்த கடை."

"அப்ப கடைதான். ஒரு மூலையிலை கடை வந்தாலும் கடைக் கணக்குத்தான், அக்கா."

கடைக்கு விண்ணப்பம் வேறு. வேண்டியவை: காணி உறுதிப் பிரதி. நில அளவைப் படம். சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு. வீதிக்கோட்டுச் சான்றிதழ். கட்டடப் படம் மூன்று பிரதி, பதிந்த வரைஞரின் கையெழுத்துடன். மலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி என்று படத்தில் காட்டவேண்டும். அயல் வீட்டுக் கிணறும் கணக்கில் சேரும். வாகனம் நிறுத்த இடமும் காட்டவேண்டும். கொப்பி எடுக்க வருகிறவன் சைக்கிளில்தானே வருவான் என்றேன். "சைக்கிளும் நிக்கத்தானே வேணும்" என்றார்.

சுவரில் ஒரு அறிவித்தல், வெயிலில் பாதி மங்கியது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் இருக்கவேண்டும் என்று. இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் பத்தடி அறையும் அதில் அடங்குமா என்று லிகிதரிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்.

மாசி 5, புதன்

ஆய்வுகூடத்தில் தண்ணீர் இல்லை. செய்முறைப் பாடம் கரும்பலகையில் நடந்தது.

பின்னேரம் அண்ணையிடம் சொன்னேன். சட்டப்படி கடைக்குச் சாய்தளம் போடவேண்டும், அதனால் வீட்டு வாசலோடு சேர்த்து ஒன்றாகவே கட்டப்போகிறோம் என்று.

போன வருடம் சீனி வருத்தத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. ஆஸ்பத்திரியால் வந்த கிழமையே சாய்தளக் கதை எடுத்துப் பார்த்தேன். "என்னத்துக்கு? வாசலிலை விளம்பரப் பலகை மாதிரியோ?" என்றார். அதோடு முடிந்தது. சக்கர நாற்காலி அறை மூலையில், ரயரில் காற்று இல்லாமல், உடுப்புப் போடுகிற கதிரையாக. தீபாவளிக்குப் பிறகு படலை தாண்டவில்லை. வாசலில் நாலு படி. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒவ்வொரு படியிலும் குந்தி இருந்து இருந்து இறங்குவார். ஒருநாள் ஜன்னலால் கண்டேன். பிறகு அந்த ஜன்னலுக்குத் திரை போட்டேன்.

ஆனால் பஸ் டிப்போவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நேரக்கணிப்பாளர். யாருக்கும் பணியமாட்டார், சட்டத்துக்குப் பணிவார்.

"சட்டமோ?"

"ஓம்."

"எந்தச் சட்டம்?"

"கட்டடச் சட்டம். கடையெண்டால் இருக்கத்தான் வேணுமாம்."

ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினார். "சட்டமெண்டா என்ன செய்யிறது."

பொய் இல்லை. பாதி விசாரித்தது. மாணவிகள் இப்படி விடை எழுதினால் பாதிப் புள்ளி போடுவேன்.

மாசி 8, சனி

படம் கீற சுகன்யா வந்தாள். என்னிடம் இரசாயனம் படித்தவள், இப்போது நெல்லியடியில் சொந்த வரைபடக் கந்தோர். அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் தந்து மற்ற முனையோடு முற்றம் முழுக்க நடந்தாள். வீட்டு நிலமட்டம் இரண்டரை அடி. ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டுமாம்.

உள்ளேயிருந்து அண்ணை: "முப்பதடியோ? பஸ் ஏத்தப் போறியளோ?"

"மினிபஸ் மட்டும், அங்கிள்."

சிரிப்புச் சத்தம் கேட்டது. எப்போது கேட்டது கடைசியாக, தெரியவில்லை.

கிணற்றடியில் வைத்துச் சுகன்யா மெல்லக் கேட்டாள். "ரீச்சர், உந்தளவு கடைக்கு உது கட்டாயமில்லையெண்டு நினைக்கிறன்."

"நீர் கீறும்."

ஒரு தரம் அண்ணையின் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை.

வாங்கவேண்டியது: வெங்காயம், தேங்காய் எண்ணெய், அண்ணையின் குளிசை.

மாசி 11, செவ்வாய்

மேசன் குணம் வந்தார். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராகவும் பார்த்தார். "ரீச்சர், இது ரம்ப் இல்லை. பலாலி ஓடுபாதை."

அத்திவாரத்தை இப்போதே வெட்டச் சொல்கிறார். மாசியில் நல்ல நாள் இருக்கிறதாம். அனுமதி தன்பாட்டில் வருமாம். "ஊரிலை ஆர் ரீச்சர் அனுமதி வரும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறது? கல்லை வைப்பம். சபை வந்தா ஆட்டுக்கொட்டில் எண்டு சொல்லுவம்."

வேண்டாம் என்றேன். பயந்து அல்ல. சட்டம் என்று சொல்லித்தான் அண்ணையைச் சம்மதிக்க வைத்தேன். அதே வாசலில் சட்டத்தை மீறி எப்படிக் கல் வைப்பது.

குணத்துக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தவும் இல்லை.

மாசி 17, திங்கள்

விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது நடை. வெள்ளிக்கிழமை போனபோது சோலைவரிச் சீட்டு போன வருடத்தையது என்று திருப்பி அனுப்பினார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர், புது வேட்டி. "தம்பி, வீடு கட்டி முடிஞ்சுது. குடிபூரலுக்கு ஆளும் சொல்லியாச்சு. அனுமதியை ஒருக்கால் தந்தியளெண்டால்…"

லிகிதர்: "ஐயா, உங்களுக்கு இப்ப வேண்டியது அனுமதியில்லை, மன்னிப்பு. அது அடுத்த ஜன்னல்."

அந்த மனிதர் உண்மையாகவே அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

இனித் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ரி.ஓ., வந்து பார்ப்பார். பிறகு திட்டமிடல் குழு. மாதம் ஒரு கூட்டம். அது ஒத்திவைக்கப்படாவிட்டால். கட்டி முடித்தாலும் முடியாது, படத்தின்படி கட்டியிருக்கிறோமா என்று பார்த்து இன்னொரு சான்றிதழ். அது இல்லாமல் கடை திறக்கமுடியாது.

வீட்டுக்கு வர இரண்டு மணி. அண்ணை சாப்பிடாமல் இருந்தார். "ஏத்துக்கொண்டாங்களோ?" ஓம் என்றேன். மெசின் என்ன விலை வரும், நிறக் கொப்பியும் எடுக்குமா என்று கேட்டார். முதல் முறை, தானாகக் கேட்டது.

மாசி 24, திங்கள்

தலையிடி. விடைத்தாள்கள் இன்னும் ஒரு கட்டு. ரி.ஓ. வரவில்லை. போன் எடுத்தேன், "வருவார்" என்றார்கள். எப்போது என்பது ஒருவருக்கும் தெரியாது.

பங்குனி 4, செவ்வாய்

கடும் வெயில். பாடசாலையால் வந்து சீலை மாற்றமுன் ரி.ஓ. வாசலில். ஹெல்மெற் கையில். மரியாதையான ஆள், முப்பத்தைந்து இருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியில் கால் வைத்தார்.

வீதி நடுவிலிருந்து அளந்தார். கடைச் சுவர் சரி. குழி, கிணறு சரி. சாய்தளத்தின் நுனி வீதிக்கு விடவேண்டிய இடத்துக்குள் மூன்றடி வருகிறது.

"இதை எடுத்துவிடுங்கோ ரீச்சர்."

"இதில்லாமல் ஏலுமோ?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தாராளமா. உந்தச் சின்னக் கடைக்கு இதைக் கட்டாயமெண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆர் உங்களுக்குச் சொன்னது? வீண் செலவு. எடுத்துப்போட்டுப் படத்தைத் தந்தியளெண்டால் இந்தக் கூட்டத்திலையே பாஸ் பண்ணலாம்."

எனக்கு உதவி செய்கிறார். அதில் சந்தேகமில்லை. நான்கு அடி தள்ளி ஜன்னலுக்குள் அண்ணை, கட்டிலில். உடுத்திய சாரம் கால்வரை மூடியிருக்கிறது. ரி.ஓ.வுக்கு எப்படித் தெரியும்? தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார். சீனி போதும் என்றார்.

அவர் போன பிறகு கவனித்தேன், ரேடியோ நின்றிருந்தது.

இராச் சாப்பாடு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அண்ணை பாதி மிச்சம் வைத்தார். கை கழுவும்போது:

"சட்டம் மாறிப்போச்சுப் போலை."

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

பங்குனி 6, வியாழன்

கதைக்கிறார் இல்லை. குளிசை நேரத்துக்குக் குடிக்கிறார்.

பாடசாலையால் வர, கொடியில் போட்டிருந்த துவாய் உள்ளே எடுத்து வைத்திருந்தது. முற்றத்துக்கு இறங்கியிருக்கிறார். சாரத்தின் பின்பக்கம் முழுக்கப் புழுதி, படிகளில் இழுபட்ட தடம். முன்பென்றால் நான் வரமுன் மாற்றிவிடுவார். இன்று மாற்றவில்லை. எனக்கு முன்னாலேயே அதைக் கழற்றிக் கூடைக்குள் போட்டார். பார், என்பதுபோல.

தோய்த்தேன். அவருடைய முழங்கையில் காய்த்த இடமும் உரஞ்சியிருக்கிறது, மருந்து போட விடவில்லை.

சுகன்யாவுக்கு மெசேஜ்: சனிக்கிழமை வரவும், படத்தில் ஒரு திருத்தம்.

பங்குனி 8, சனி

சுகன்யா வந்தாள். சாய்தளத்தை எடுத்துவிடும் என்றேன். நாலு படியும் அப்படியே இருக்கட்டும். கடையும் வேண்டுமோ என்று தெரியவில்லை, எதற்கும் அனுமதியை எடுத்து வைப்போம். பேனையை எடுத்தாள்.

உள்ளேயிருந்து: "பிள்ளை, இஞ்சை ஒருக்கால் வாரும். படத்தையும் கொண்டு வாரும்."

போனாள். நான் குசினியில், அடுப்பில் ஒன்றும் இல்லாமல், அகப்பையோடு.

"ரோட்டுப் பக்கம் போகாமல் கிணத்தடிப் பக்கம் திருப்பேலாதோ?"

"திருப்பலாம் அங்கிள். தேசிமரம் நிக்குதே."

"தறிக்கலாம். அது காய்க்கிறேல்லை."

நேற்றுத்தான் ஏழெட்டுத் தேசிக்காய் பிடுங்கினேன். அவர் குடித்த தண்ணியிலும் அதுதான்.

"அப்ப புதுசாக் கீறித்தான் குடுக்கோணும் அங்கிள். இந்தக் கூட்டத்துக்கு வராது. ஒரு மாசம் பிந்தும்."

"பிந்தட்டும். எந்த பஸ் நேரத்துக்கு வந்தது?"

கடதாசி புரட்டுகிற சத்தம்.

"கைபிடி ஒரு பக்கம்தானே கீறியிருக்கிறீர். ரெண்டு பக்கமும் போடும்."

"அது… கட்டாயமில்லை, அங்கிள்."

"கட்டாயமெண்டுதான் எங்கடை ரீச்சர் சொல்லுறா." குரலைக் கூட்டினார், குசினிக்குக் கேட்கத்தான். "சட்டமெண்டாச் சட்டம். போடும்."

சுகன்யா சிரித்தாளா தெரியவில்லை. போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனாள், நல்ல பிள்ளை.

குணத்துக்குச் சொல்லவேண்டும்: தேசிமரம், கிணற்றடிப் பக்கம், இன்னும் ஒரு மாதம். நல்ல நாள் போய்விட்டது என்று புறுபுறுப்பார்.

பங்குனி 9, ஞாயிறு

காற்று. மிச்சமிருந்த தேசிக்காய் எல்லாம் பிடுங்கி ஊறுகாய்க்கு வெட்டினேன். விரல் எரிகிறது.

அண்ணையின் அறை கூட்டப்போனால் உடுப்பெல்லாம் கட்டிலில், மடிக்காமல் ஒரு குவியலாக. மூலையில் சக்கர நாற்காலி வெறுமையாக நிற்கிறது.

மத்தியானம் கேட்டார்: "சைக்கிள் பம்ப் எங்கை?"

குசினிக் கதவுக்குப் பின்னால் என்றேன். எடுத்துக் கொடுக்க எழும்பவில்லை.